மயங்கிய மூளைக்குக் காவல் யார்?

பசறையிலிருந்து அப்புத்தளை வரை விரிந்து கிடக்கும் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களிலே ஒரு நம்பிக்கை வேரூன்றி நிற்கின்றது. "மயக்க ஊசி போட்டால் மூளை மழுங்கிவிடும்" என்பதே அது. சத்திரசிகிச்சை பெற்றுத் திரும்பிய முதியவர் பேரனின் பெயரை மறந்தால், பழி ஊசியின்மேல் விழுகின்றது. கைக்குழந்தையாய் இருந்தபோது குடலிறக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற சிறுவன் பள்ளியிற் பின்தங்கினால், அதற்கும் ஊசியே காரணமாகின்றது. இந்த அச்சத்தினாலேயே வைத்தியசாலைக்குச் செல்லாது நோயைச் சுமந்து திரிவோர் லயங்கள்தோறும் உளர்.

மறுபுறத்திலே, படித்தோர் பலர் இந்நம்பிக்கையை "மூடத்தனம்" என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடுகின்றனர். விஞ்ஞானம் முன்னேறிவிட்டது, ஆதலால் அஞ்சுவதற்கு ஏதுமில்லை என்பது அவர்தம் வாதம். முன்னையது அச்சத்தில் எழுந்த அரைகுறை உண்மை. பின்னையது அலட்சியத்தில் எழுந்த அரைகுறை உண்மை. மயக்கநிலையிலும் அதன் பின்னரும் மூளைக்குத் தீங்கு நேரலாம் என்பது மெய்யே. ஆயின் அத்தீங்கில் தடுக்கத்தக்க பகுதி பெரும்பாலும் மருந்திலிருந்து பிறப்பதன்று, காவலின்மையிலிருந்து பிறப்பது. அந்தக் காவலின் கூறுகளில் ஒன்று நோயாளியின் தாய்மொழி. மலையகத் தமிழருக்கு அம்மொழியை மறுப்பது நிருவாகக் குறைபாடு மாத்திரமன்று. அது மருத்துவத் தீங்கும் ஆகும்.

இதனை நிறுவுவதற்கு மயக்க மருந்தின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1846ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி பொஸ்டன் நகரிலே வில்லியம் மோட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து நோயாளி ஒருவரை வலியறியாது கிடக்கச் செய்தார். அடுத்த ஆண்டு எடின்பரோவிலே சிம்சன் குளோரோபோமைப் புகுத்தினார். அதற்கடுத்த 1848ஆம் ஆண்டிலேயே, கால்நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் குளோரோபோம் பெற்ற பதினைந்து வயதுச் சிறுமி இங்கிலாந்தில் உயிரிழந்தாள். வரமும் சாபமும் ஒரே குப்பியில் அடைக்கப்பட்டிருந்தன என்பதை உலகம் அன்றே கண்டுகொண்டது.

குளோரோபோம் எவ்வாறு கொல்கின்றது என்ற வினாவுக்கு விடை காண 1888இலும் 1889இலும் ஐதராபாத்திலே நிசாமின் பொருளுதவியுடன் இரண்டு ஆணைக்குழுக்கள் கூடின. மூச்சே முதலில் நிற்கும். ஆகவே மூச்சைக் கவனித்தாற் போதும். நாடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று அவை முடிவுகட்டின. அம்முடிவு பிழையானது என்பதும், குளோரோபோம் நேரடியாக இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதும் 1911இல் குட்மன் லெவி என்பாரின் ஆய்வினால் வெளிப்பட்டன. இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே. மயங்கிக் கிடப்பவன் தன் துன்பத்தைத் தானே சொல்லமாட்டான். அவனுக்காக மூச்சையும் நாடியையும் ஒருசேரக் கவனிக்கும் விழிப்புள்ள மனிதர் ஒருவர் அருகில் இருந்தே ஆகவேண்டும்.

இனி, மருந்தே மூளையைக் கெடுக்கின்றதா என்னும் வினாவுக்கு வருதல் தகும். குழந்தைகளைப் பொறுத்தவரை இவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. இளம் விலங்குகளுக்கு நெடுநேரம் மயக்க மருந்து கொடுத்தபோது மூளைக் கலங்கள் அழிந்தமை ஆய்வுகூடங்களிற் காணப்பட்டது. 2016ஆம் ஆண்டு திசெம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்றிருக்கும் கடைசி மூன்று மாதங்களிலுள்ள பெண்களுக்கும் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகவோ மீண்டும் மீண்டுமோ இம்மருந்துகளைக் கொடுப்பது குறித்து எச்சரிக்கை விடுத்தது. ஆயின் மனிதக் குழந்தைகளிற் செய்யப்பட்ட ஆய்வு வேறொன்றைச் சொல்கின்றது. ஏழு நாடுகளில் குடலிறக்கச் சிகிச்சை பெற்ற 722 கைக்குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றினருக்குப் பொது மயக்க மருந்தும் மற்றையோருக்கு இடுப்பின் கீழ் மாத்திரம் மரத்துப்போகச் செய்யும் மருந்தும் கொடுத்தனர். ஐந்து வயதில் அவர்தம் அறிவுத்திறனை அளந்தபோது வேறுபாடு எதுவும் காணப்படவில்லை என்று 2019இல் அவ்வாய்வின் முடிவு வெளியாயிற்று. ஒரு மணித்தியாலத்துக்குட்பட்ட ஒரு தடவை மயக்கம் குழந்தையின் அறிவைக் குறைப்பதாகச் சான்று இல்லை என்பதே இதன் பொருள். மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ உள்ள தாய் ஒருத்தி, தன் குழந்தையின் குடலிறக்கச் சிகிச்சையை அச்சத்தினால் ஒத்திப்போடுவாளாயின், இல்லாத பேயைக் கண்டஞ்சி இருக்கின்ற புலியின் வாயில் விழுகின்றாள். ஒத்திப்போடப்பட்ட குடலிறக்கத்திலே குடல் இறுகி அழுகுவது கற்பனைப் பேயன்று.

முதியோரின் நிலை வேறு. "சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் பழைய மனிதராக இல்லை" என்று உறவினர் கூறும் முறைப்பாட்டை 1955ஆம் ஆண்டிலேயே பெட்போட் என்னும் ஆங்கில மருத்துவர் இலான்செற் சஞ்சிகையில் எழுதினார். 1998இல் அதே சஞ்சிகையில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு அம்முறைப்பாட்டுக்கு அளவுகோல் கொடுத்தது. பெரிய சத்திரசிகிச்சை பெற்ற, அறுபது வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரில் ஒரு வாரத்தின் பின் 25.8 சதவீதத்தினரிடமும் மூன்று மாதத்தின் பின் 9.9 சதவீதத்தினரிடமும் நினைவும் கவனமும் குன்றியிருந்தமை கண்டறியப்பட்டது. லயத்து மூதாட்டி தன் கணவரைப் பற்றிச் சொன்னது மூடத்தனமன்று. அவள் கண்டது மெய். அதற்கு அவள் கற்பித்த காரணமே ஆராயத்தக்கது.

ஏனெனில், மருந்துதான் காரணமெனின், பொது மயக்கத்தைத் தவிர்த்து முள்ளந்தண்டில் ஊசியேற்றிச் சிகிச்சை செய்தால் இத்தீங்கு குறைதல் வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் இவ்விரு முறைகளும் ஒப்பிடப்பட்டு 2021இல் முடிவு வெளியாயிற்று. சிகிச்சைக்குப் பின் ஏற்படும் சித்தத் தடுமாற்றம் இரு சாராரிடமும் ஏறக்குறைய ஒரே அளவினதாகவே இருந்தது. எனவே ஊசியை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பொருந்தாது. உடலை அறுப்பதனால் எழும் அழற்சி, வலி, உறக்கமின்மை, குருதிச்சோகை, உடலில் நீர் வற்றுதல், முன்னரே தொடங்கியிருந்த மறதி நோய், பழகாத இடத்தின் பீதி ஆகிய யாவும் கூட்டுச் சேர்ந்தே முதியவரின் மூளையைத் தாக்குகின்றன.

இவை எல்லாவற்றிலும் கொடியது ஒட்சிசன் இன்மை. குருதியோட்டம் நின்ற மூளை சில நிமிடங்களிலேயே மீளாச் சேதமடையத் தொடங்கும். முற்காலத்திலே உதடும் நகமும் நீலம்பாரிப்பதைக் கண்ணால் கண்டே மருத்துவர் ஆபத்தை உணர்ந்தனர். கறுத்த தோலிலே அதனைக் காண்பது மிகக் கடினம். 1974இல் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி, விரல்நுனியில் ஒளி பாய்ச்சி ஒட்சிசன் அளவை அறியும் கருவிக்கு வழிகண்டார். இன்று சட்டைப்பையில் அடங்கும் அக்கருவி, உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் ஓர் அங்கமாய் இடம்பெற்றுள்ளது. மூளைக்குக் காவல் என்பது மேலைநாட்டு ஆடம்பரம் என்று வாதிடுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

காவல் எங்கே தளர்கின்றது என்பதை இலங்கையின் அண்மைக்கால வரலாறே காட்டுகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், பொருளாதார நெருக்கடியினால் மருந்துகள் தீர்ந்தமையால், பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே முன்னரே நாள் குறிக்கப்பட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. தட்டுப்பாடான மருந்துகளில் நியோசுத்திக்மீன் ஒன்று. மயக்கத்தின்போது தசைகளைத் தளர்த்துவதற்கு ஒரு மருந்து கொடுக்கப்படுகின்றது; சிகிச்சை முடிந்ததும் அத்தளர்ச்சியை நீக்கி, நோயாளி தானே மூச்சுவிட வகைசெய்வது நியோசுத்திக்மீன். அஃதின்றி அரைகுறைத் தளர்ச்சியோடு விழிப்பவரின் மூச்சு குன்றும். மூச்சுக் குன்றினால் மூளைக்குச் செல்லும் ஒட்சிசனும் குன்றும். திறைசேரி வெறுமையானதும் மூளையின் காவல் வெறுமையாயிற்று. அதே நெருக்கடியின் பின்னர் மயக்க மருந்து நிபுணர்கள் உட்பட மருத்துவர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். இத்தகைய பஞ்சம் தலைநகரை ஒரு தடவை தாக்கினால், ஊவாவைப் போன்ற தூர மாகாணங்களை இரு தடவை தாக்கும்.

இந்தப் பொதுவான பஞ்சத்தின்மேல் தோட்டத் தொழிலாளிக்கென்றே தனியாக இரண்டு சுமைகள் ஏற்றப்பட்டுள்ளன. முதலாவது கூலிமுறை. நாட்சம்பளக்காரருக்கு வைத்தியசாலையில் கழியும் ஒவ்வொரு நாளும் சம்பளமில்லாத நாள். ஆகவே கல்லாய்க் கனக்கும் குடலிறக்கமும் கண்டியாய் வளரும் கட்டியும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடப்படுகின்றன. இறுதியில் வலி தாங்காது நள்ளிரவிலே லொறியிலோ முச்சக்கரவண்டியிலோ மலைப்பாதையிறங்கிப் பதுளைப் பெரியாஸ்பத்திரியை அடையும்போது, உடலில் நீர் வற்றியிருக்கும்; குருதியமுக்கம் வீழ்ந்திருக்கும்; வயிற்றில் உணவு கிடக்கும். நாள் குறித்து, ஆயத்தம் செய்து கொடுக்கப்படும் மயக்கத்தைவிட, இந்நிலையிற் கொடுக்கப்படும் அவசர மயக்கம் மூளைக்கும் உயிருக்கும் பன்மடங்கு ஆபத்தானது. தோட்டப்புறப் பெண்களிடையே நெடுங்காலமாய் நிலவும் குருதிச்சோகையையும் இதனோடு கூட்டிப் பார்த்தல் வேண்டும். ஒட்சிசனைச் சுமக்கும் குருதியே வறிதாயிருக்க, மூளைக்கு எஞ்சுவது என்ன?

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென 1872ஆம் ஆண்டிலேயே குடியேற்ற அரசு கட்டளைச் சட்டம் இயற்றிற்று. வேலைசெய்யும் உடல் வேலைசெய்துகொண்டே இருக்கவேண்டும் என்பதே அக்கரிசனையின் உட்பொருள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறிற்று. கைகள் மாறினவேயன்றி, நோயுற்ற நாள் கூலியற்ற நாள் என்னும் கணக்கு மாறவில்லை.

இரண்டாவது சுமை மொழி. சத்திரசிகிச்சைக்கு முன்னர் மயக்க மருந்து கொடுப்பவர் நோயாளியிடம் அறியவேண்டியவை பல. கடைசியாக எப்போது உண்டார்? முன்னர் எம்மருந்தினாலேனும் ஒவ்வாமை ஏற்பட்டதா? நாள்தோறும் மது அருந்துபவரா? இரவில் மூச்சுத் திணறுகின்றதா? உணவு உண்டபின் ஆறு மணித்தியாலமும் வெறுந்தண்ணீர் அருந்தியபின் இரண்டு மணித்தியாலமும் கழியவேண்டும் என்பது பொதுவான விதி. இவ்விதி நோயாளிக்கு விளங்காத மொழியிற் சொல்லப்படுமாயின் விளைவு என்ன? ஒருவர் "சோறுதானே கூடாது" என்றெண்ணிக் காலையில் ரொட்டியும் பால்தேநீரும் உண்டு வருவார். மயங்கியபோது அவ்வுணவு மேலெழுந்து மூச்சுக்குழலில் இறங்கி ஒட்சிசனைத் தடுக்கும். இன்னொருவர் முதனாள் மாலையிலிருந்தே ஒரு மிடறு தண்ணீருமின்றிக் காய்ந்து கிடப்பார். நாள்தோறும் சாராயம் அருந்துபவர் அதனைச் சொல்லத் தெரியாது தலையாட்டுவார். இரண்டு மூன்று நாளில், மது நின்றதனால் எழும் கொடிய சன்னி அவரைப் பற்றும். இவற்றுள் எதனையும் மருந்தின் குற்றம் என்பது அறமாகுமா?

சிகிச்சை முடிந்து விழிக்கும் வேளையிலோ மொழியின் தேவை இன்னும் கூர்மையடைகின்றது. முதியோரிடம் ஏற்படும் சித்தத் தடுமாற்றம் இருவகைப்படும். கத்திக் குழறிக் குழாய்களைப் பிடுங்குபவரை எல்லோரும் கண்டுகொள்வர். ஆயின் சுவரை நோக்கி வாய்மூடிக் கிடப்பவரும் அதே நோய்க்கு ஆளானவராய் இருக்கலாம். அவர் "தொந்தரவு கொடுக்காத நல்ல நோயாளி" என்ற பெயரோடு கண்காணிப்பிலிருந்து தப்பிவிடுகின்றார். இதனைக் கண்டறிவதற்கு மருத்துவ உலகம் பயன்படுத்தும் சோதனை மிக எளியது. இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்று கேட்பர். நாள்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும்படி பணிப்பர். கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆனால் மொழி வேண்டும். சிங்களம் மாத்திரம் தெரிந்த தாதி, தமிழ் மாத்திரம் தெரிந்த மூதாட்டியிடம் இவற்றைக் கேட்டால் இரண்டில் ஒரு பிழை நேர்ந்தே தீரும். தெளிந்த மதியுடையவள் விடை சொல்லாமையால் மதி கலங்கியவளாகக் குறிக்கப்பட்டு, வேண்டாத உறக்க மருந்து பெறுவாள். அன்றேல் மதி கலங்கியவள் "இவளுக்குச் சிங்களம் தெரியாது, அவ்வளவே" என்று விடப்பட்டு, நோய் முற்றும்வரை கவனிப்பாரின்றிக் கிடப்பாள். உலகின் மிகச்சிறந்த கருவியும் இப்பிழையைத் திருத்தமாட்டாது.

கண்டறிவதற்கு மாத்திரமன்று, தடுப்பதற்கும் மொழியே கருவி. 1999இல் அமெரிக்காவிலே, எழுபதும் அதற்கு மேலும் வயதான 852 உள்நோயாளரிடம் நடாத்தப்பட்ட ஆய்வு இதற்குச் சான்று. அவர்கள் சத்திரசிகிச்சைக்கு வந்தோரல்லர். பொது மருத்துவ விடுதியினர். இடமும் நாளும் நினைவூட்டல், பேச்சுக் கொடுத்தல், உறக்கத்தைப் பேணல், எழுந்து நடக்கச் செய்தல், மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் கிடைக்கச் செய்தல், நீர் அருந்தச் செய்தல் ஆகிய எளிய பணிகளினால் சித்தத் தடுமாற்றம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது. இதே முறைகள் பின்னர் சத்திரசிகிச்சை விடுதிகளிலும் கைக்கொள்ளப்பட்டன. இப்பட்டியலின் முதலிரண்டையும் விளங்காத மொழியில் எங்ஙனம் செய்வது? "அம்மா, இது ஆஸ்பத்திரி, காரியம் முடிந்துவிட்டது, மகள் வெளியே நிற்கின்றாள்" என்ற மூன்று வாக்கியங்கள், அவளுக்குத் தமிழிற் சொல்லப்பட்டால் மருந்து, வேற்று மொழியிற் சொல்லப்பட்டால் இரைச்சல்.

இதற்கு எழுப்பப்படும் மறுப்புகள் மூன்று. தாதியரும் மருத்துவரும் போதாத நாட்டில் இவையெல்லாம் வீண்கனவு என்பது முதலாவது. ஆட்பற்றாக்குறை உண்மையே. நள்ளிரவுக் கடமையில் நிற்கும் தாதியையோ மருத்துவரையோ குறைகூறுவது அநீதி. அவர்களும் இதே பஞ்சத்தின் பலிகளே. ஆயின் ஆட்கள் குறைவாயிருக்கும் இடத்திலேதான் உறவினர் ஒருவரைக் கட்டிலருகே அனுமதிப்பதும், தமிழில் அச்சிட்ட ஒரு தாளை வைத்திருப்பதும் பெரும் பேறாகும். அவற்றுக்கு அந்நியச் செலாவணி வேண்டியதில்லை.

மருத்துவத்துக்கு மொழி இல்லை என்பது இரண்டாவது. அறுவைக் கத்திக்கு மொழி இல்லைதான், அறுக்கப்படுபவருக்கு உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. பதுளை மாவட்டத்திலே சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகளென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளும் உள. சட்டம் ஏட்டிலிருந்து கட்டிலருகே வராதிருப்பதுதான் குறை. தமிழிற் பெயர்ப்பலகை எழுதியதோடு கடன் தீர்ந்தது என்றெண்ணுவோர் சிந்தித்தல் வேண்டும். சன்னி கண்ட கிழவி பெயர்ப்பலகை படிப்பாளா?

எல்லோரும் சிங்களம் கற்றுக்கொண்டால் தொல்லை இல்லையே என்பது மூன்றாவது. கற்பது நன்றே, தோட்டத்து இளைஞர் பலர் இரு மொழியிலும் வல்லவரே. ஆயின் மயக்கத்திலிருந்து மீளும் முதியவரின் கலங்கிய மூளை, பிற்காலத்திற் கற்ற மொழியையன்று, தொட்டிலிற் கேட்ட மொழியையே முதலிற் பற்றிக்கொள்ளும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்து, ஒப்பந்தங்களின் பேரிற் பந்தாடப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே எஞ்சியோரும் குடிமக்களான ஒரு மக்கட் கூட்டத்தினரிடம், மயக்கம் தெளியும்போதும் வேற்று மொழியிலேதான் தெளியவேண்டும் என்று கேட்பது எவ்வகை நீதி?

செய்யவேண்டியவை தெளிவானவை. மயக்கத்துக்கு முன் கேட்கப்படும் வினாக்களும் பட்டினி விதியும் சம்மதப் பத்திரமும் எளிய தமிழில் அச்சிடப்படல் வேண்டும். எழுத்தறியாதோருக்கு அவை வாசித்துக் காட்டப்படல் வேண்டும். சித்தத் தடுமாற்றச் சோதனை தோட்டத்து வாழ்வுக்கு ஏற்பத் தமிழில் அமைதல் வேண்டும். மாதங்களின் பெயரைப் பின்னிருந்து சொல்லத் தெரியாத கொழுந்துப் பெண், கிழமைகளைப் பின்னிருந்து சொல்வாள். காலை நிறுவையையும் மாலை நிறுவையையும் கூட்டிச் சொல்வாள். நாள் குறித்த சிகிச்சைக்குப் பல வாரங்கள் முன்னரே குருதிச்சோகையும் நீரிழிவும் தோட்ட மருந்தகத்திற் சோதிக்கப்பட்டுச் சீர்செய்யப்படல் வேண்டும். முதியோர் விழிக்கும்போது அவர்தம் மொழி பேசும் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். சிகிச்சை நாள்களுக்குக் கூலி வழங்கும் பொறுப்பைக் கம்பனிகள் ஏற்றல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலே இதனையும் வைத்தல் வேண்டும். பல்கலைக்கழகங்களிலே தமிழ் கற்போருக்கும் இதிற் கடமை உண்டு. சங்ககால மகளிரின் ஊடலை ஆராயும் புலமை, மயக்க மருந்து பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை மலையகத் தாய்க்கு விளங்கும் தமிழில் எழுத உதவாதெனின், அப்புலமையாற் பயன் யாது?

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என நான்காகப் பகுக்கின்றது. அந்நான்காமவரை ஊவாவின் வைத்தியசாலைகளிலே தோட்டத் தமிழனுக்கு அளிப்பது இரக்கமன்று, உரிமை. அவ்விடம் வெறிதாய்க் கிடக்கும்வரை "மயக்க ஊசி மூளையை மழுக்கும்" என்ற வதந்தி லயங்களில் உலவிக்கொண்டே இருக்கும். அவ்வதந்திக்கு அஞ்சி ஒத்திப்போடப்பட்ட நோய்கள் நள்ளிரவிலே மலையிறங்கி வந்துகொண்டே இருக்கும்.